தேய்ந்த சூப்பர்சார்ஜரைச் செப்பனிடுதல்

ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய், செனாய், கூலாய் என வடக்கே செல்லும் சாலையை ஒட்டி மோட்டார்ப் பட்டறைகள் பல உண்டு. அவற்றுள் சிலவற்றின் முற்றத்தில் முன்பாதி மட்டும் எஞ்சிய வண்டிகளைக் காணலாம். ஜப்பானில் ஓடிக் கழிந்த வண்டியை நடுவே அறுத்து, எஞ்சின், கியர்ப்பெட்டி, மின்கம்பிகள் ஆகியவை சேர்ந்த முன்பாதியைக் கப்பலேற்றி இந்நாட்டுக்கு அனுப்பும் வாணிபம் நெடுங்காலமாக நடந்து வருவது. அப்பாதிக்கு ‘ஹாஃப்கட்’ என்று பெயர். அதனை விற்கும் கடையை மலாய் மொழியில் ‘கெடாய் போத்தோங்’ என்பர்.

சிறிய வண்டியில் பெரிய வேகம் வேண்டும் இளைஞர்கள் நாடிச் செல்வது இக்கடைகளையே. அவர்கள் விரும்பி வாங்கும் எஞ்சின்களுள் ஒன்று டொயோட்டா நிறுவனத்தின் 4ஏ-ஜிஇசட்இ என்பது. 1986 ஆம் ஆண்டில் எம்.ஆர்.2 என்னும் வண்டியில் முதன்முதலாக வந்த இந்த எஞ்சினின் கொள்ளளவு 1587 கன செண்டிமீட்டர். அதன் தலைமாட்டில் எஸ்.சி.12 என்னும் சூப்பர்சார்ஜர் அமர்ந்திருக்கும். கழிந்த வண்டியிலிருந்து வரும் இந்தக் கருவி பெரும்பாலும் தேய்ந்தே வருகிறது. அதனைச் செப்பனிடுவதில் பட்டறைகள் பல செய்யும் தவறு ஒன்று உண்டு. அத்தவறு கருவியை மட்டுமன்றி எஞ்சினையே பலி வாங்கிவிடுகிறது. அஃது எவ்வாறு என்பதை அறிய, முதலில் கருவியின் தன்மையை அறிதல் வேண்டும்.

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குள் காற்றை வலிந்து ஊட்டும் ஊதுகருவி. சாதாரண எஞ்சின் தன் பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தால் காற்றை இழுத்துக்கொள்கிறது. இழுத்த அளவுக்கே பெட்ரோலை எரிக்க முடியும். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால் அதே எஞ்சினில் மிகுதியான பெட்ரோலை எரித்து மிகுதியான ஆற்றலைப் பெறலாம். பட்டறைக்காரர் இதனை ‘ப்ளோவர்’ என்று சுருக்கமாகச் சொல்லுவர். ‘மிகையூட்டி’ என்று தமிழ்க் கலைச்சொல் ஆள்வோரும் உளர், சொல் பொருத்தமானதே. ஆயினும் மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் ஆகிய நான்கும் கலந்து பேசும் ஜொகூர்ப் பட்டறையில் ஒரு பையன் ‘மிகையூட்டியை எடுத்து வா’ என்றால் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். ஆகவே இக்கட்டுரையிலும் பட்டறை வழக்கே ஆளப்படுகிறது.

ஊதுகருவி பிறந்த கதை

இக்கருவி மோட்டார் வண்டிக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் என்னும் ஊரில் ரூட்ஸ் என்னும் குடும்பப் பெயருடைய சகோதரர் இருவர் கம்பளி ஆலை நடத்தி வந்தனர். ஆலையின் நீர்ச்சக்கரத்துக்கு மாற்றாக ஒரு பொறியை அமைக்க முயன்றபோது, அது நீரால் சுழல்வதைவிடக் காற்றை ஊதுவதில் வல்லதாக இருப்பதைக் கண்டனர் என்பர். மரத்தால் செய்த அதன் சுழலிகள் நீரில் ஊறிப் பருத்து ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டனவாம். இன்றைய அலுமினியச் சுழலிகளுக்கு வரும் நோயும் ஏறத்தாழ அதுவே என்பதனால் இக்கதை நினைவில் வைக்கத் தக்கது. 1860 ஆம் ஆண்டில் அவர்கள் அதற்குக் காப்புரிமை பெற்றனர். இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்றூதவே முதலில் அது பயன்பட்டது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருத்துக்கு ஜெர்மனியின் டைம்லர் 1885 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1921 ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பூட்டிய வண்டிகளை விற்பனைக்குக் காட்டியது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1938 ஆம் ஆண்டில் வெளியிட்ட 71 வரிசை டீசல் எஞ்சின்களிலும் இவ்வகை ஊதுகருவி இருந்தது. அவை ஈரடி எஞ்சின்கள். ஊதுகருவி இன்றேல் எரிந்த புகையை வெளியேற்றிப் புதுக்காற்றை நிரப்ப இயலாது. போர் முடிந்தபின் அமெரிக்க இளைஞர்கள் அந்த டீசல்களிலிருந்து ஊதுகருவியைக் கழற்றித் தங்கள் பந்தய வண்டிகளில் பூட்டினர். ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தும் ஹாஃப்கட் மனப்பான்மை, ஆக, ஜொகூரில் தோன்றியதன்று.

ஜொகூருக்கும் பந்தய வண்டிக்கும் உள்ள உறவு பழமையானது. 1940 ஆம் ஆண்டிலேயே ஜொகூர் பாருவின் தெருக்களில் ஜொகூர் கிராண்ட் பிரீ என்னும் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. 1986 ஆம் ஆண்டில் பாசிர் கூடாங்கில் தனிப் பந்தயத்தளம் திறக்கப்பட்டது. 1998 ஆம் ஆண்டின் மலேசிய மோட்டார்சைக்கிள் கிராண்ட் பிரீ அங்கேதான் நடந்தது. வண்டியைத் திருத்தி வேகமாக்கும் ஆசை இந்த மண்ணில் ஊறியிருப்பதற்கு இவையும் காரணமாகலாம்.

தொடாமல் சுழல்வது

ரூட்ஸ் வகைக் கருவியின் உள்ளே இரண்டு சுழலிகள் அருகருகே படுத்திருக்கும். எஸ்.சி.12 போன்றவற்றில் ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் 8 என்னும் எண்ணின் வடிவம் தோன்றும். ஓர் எட்டு நிமிர்ந்து நிற்கையில் மற்றோர் எட்டு படுத்துக் கிடக்கும். ஒன்றின் தலை மற்றதன் இடுப்பில் புகும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. காற்று இவ்விரண்டின் நடுவே பிழியப்படுகிறது என்றே பலர் எண்ணுகின்றனர், அது பிழை. சுழலிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் காற்றை அள்ளி, சுற்றுப்புறமாகச் சுமந்து சென்று, மறுபக்கத்தில் கொட்டுகிறது. நடுவில் ஒன்றுடன் ஒன்று பொருந்தும் பகுதியின் வேலை, கொட்டிய காற்று திரும்பிவிடாமல் தடுப்பதே.

எஸ்.சி.12 ஒரு சுற்றுக்கு 1.2 லிட்டர் காற்றைச் சுமக்கும். 1587 கன செண்டிமீட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவையும் நிரப்பிக்கொள்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர். தேவைக்கு மேல் வந்து சேரும் காற்று, போக்கிடமின்றி எஞ்சினின் வாயிலில் நெருக்கிக்கொள்கிறது. அந்நெருக்கமே ‘பூஸ்ட்’ எனப்படும் மிகை அழுத்தம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சுழலிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை, வெளிக்கூட்டையும் தொடுவதில்லை. தொடவும் கூடாது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் அலுமினியம், எண்ணெய் இல்லாத இடத்தில் மற்றோர் அலுமினியத்தைத் தொட்டால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவை தொடாமல் இருப்பதற்குக் காரணம், அச்சுகளின் ஒரு முனையில் எண்ணெய்க்குள் சுழலும் இரண்டு பற்சக்கரங்கள். ஒரு சுழலி எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவே மற்றதும் திரும்பும்படி இவை காக்கின்றன. அச்சுகள் ஆடாமல் பேரிங்குகள் தாங்குகின்றன. பற்சக்கர எண்ணெய் காற்றறைக்குள் வராமல் ஆயில் சீல்கள் தடுக்கின்றன. சுழலியின் மேல் ஒரு மென்மையான பிசின் பூச்சு இருக்கும். தப்பித்தவறி உரசினாலும் பூச்சு தேயுமே அன்றி உலோகம் தேயாது. சுழலிகளுக்கு இடையே இருக்க வேண்டிய சந்து ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவே. இக்கருவியின் உயிர் அந்தச் சந்தில்தான் இருக்கிறது.

சந்து பெரிதானால் காற்று பின்னோக்கிக் கசியும். கசியும் அளவு, இரு பக்கத்து அழுத்த வேறுபாட்டையும் சந்தின் அகலத்தையும் பொறுத்தது. சுழலும் வேகத்தை அவ்வளவாகப் பொறுத்ததன்று. ஆதலின் மெதுவாக ஓடும்போது, சுமந்து வந்த காற்றில் பெரும்பங்கு கசிந்துபோகிறது. விரைவாக ஓடும்போது கசிவு சிறு பங்காகிவிடுகிறது. ‘மேலே போனால் நன்றாக இழுக்கிறது, கீழே செத்துக் கிடக்கிறது’ என்று வண்டிக்காரர் முறையிட்டால், சந்து பெரிதாகிவிட்டது என்று ஐயுறலாம்.

குறுக்கு வழியின் விலை

இந்த முறையீட்டுக்குப் பட்டறைகள் பலவும் தரும் மருந்து சிறிய புல்லி. சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சிறிதாக்கினால் அது முன்னிலும் விரைந்து சுழலும். மிகுதியாகக் காற்றைச் சுமக்கும். கசிவு போக மீதி பழைய அளவுக்கு வரும். அழுத்தமானியின் முள் பழைய இடத்தில் நிற்கும். பணம் கைமாறும். வண்டியும் புறப்படும்.

ஆனால் முள் காட்டுவது அழுத்தத்தை மட்டுமே, வெப்பத்தை அன்று. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஜொகூரின் பிற்பகல் வெயிலில் காற்றின் வெப்பம் 33 பாகை செல்சியசு என்று கொள்வோம். அதனை வளிமண்டல அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்கு அழுத்தினால், கருவி குறையற்றதாயிருந்தாலும் காற்றின் வெப்பம் ஏறக்குறைய 38 பாகை ஏறியே தீரும். அஃது இயற்கை விதி. ரூட்ஸ் வகைக் கருவியின் திறன் நூற்றுக்கு 55 என்று வைத்தால் ஏற்றம் 68 பாகை ஆகும். வெளிவரும் காற்று 101 பாகையில் இருக்கும். தேய்ந்த கருவியில் ஒருமுறை அழுத்திச் சூடேறிய காற்றே பின்னோக்கிக் கசிந்து, மறுபடியும் அள்ளப்பட்டு, மறுபடியும் சூடேறுகிறது. திறன் 45 ஆகக் குறைந்தால் காற்று 117 பாகையில் வரும். முள் இரு வேளையும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. ஆயினும் சூடான காற்று அடர்த்தி குறைந்தது. முதல் நிலையில் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 23 பங்கு கூடுகிறது. இரண்டாம் நிலையில் ஏறத்தாழ 18 பங்கே கூடுகிறது. இடையில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இந்த வேறுபாட்டில் ஒரு பகுதியை மீட்கும், முழுவதையும் அன்று.

அடர்த்திக் குறைவைப் பொறுத்துக்கொள்ளலாம். வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. பெட்ரோல் கலந்த சூடான காற்று, பொறி தட்டி ஒழுங்காக எரிந்து வருவதற்குமுன் மூலையில் தானே வெடித்துவிடும். இதனை ‘நாக்கிங்’ என்பர்; டின்னுக்குள் கூழாங்கல் குலுங்குவதுபோல் ஒலி கேட்கும். பெட்ரோல் நிலையத்தில் ரோன் 95, ரோன் 97 என்று எழுதியிருப்பது இந்தத் தட்டலைத் தாங்கும் வலிமையையே குறிக்கிறது. சிக்கனம் கருதி 95 ஊற்றும் வண்டியில் சிறிய புல்லியும் தேய்ந்த கருவியும் சேர்ந்தால், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் யோங் பெங் சென்று சேருமுன் பிஸ்டனில் ஓட்டை விழுந்தாலும் வியப்பதற்கில்லை.

தீமை அதனோடும் நிற்பதில்லை. சிறிய புல்லியைப் பெல்ட் குறைந்த பரப்பில்தான் பற்றுகிறது, ஆகவே வழுக்குகிறது. வழுக்காமலிருக்கப் பெல்ட்டை முறுக்கி இறுக்குகின்றனர். இறுகிய பெல்ட் அச்சை ஓயாமல் ஒரு பக்கம் இழுக்க, முன்பேரிங் விரைவில் தேய்கிறது. பேரிங் தேய்ந்தால் அச்சு ஆடும். அச்சு ஆடினால் சுழலி உரசும். உரசினால் சந்து மேலும் பெரிதாகும். பூஸ்ட் மறுபடியும் குறையும். அதற்கு இன்னும் சிறிய புல்லி ஒன்று கடையில் தயாராக இருக்கிறது! நோயை வளர்க்கும் மருந்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கழற்றுமுன் காண வேண்டியவை

பூஸ்ட் குறைவு கண்டவுடன் கருவியைக் கழற்றுவதும் பிழையே. வளிவழிக் குழாயில் ஒரு பட்டை தளர்ந்திருந்தாலும் காற்று வெளியேறும். சுமை இல்லாதபோது காற்றைச் சுற்றுவழியில் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலும் பூஸ்ட் வராது. ஹாஃப்கட் எஞ்சினை வேறு வண்டியில் ஏற்றும்போது இவ்வால்வின் மெல்லிய ரப்பர்க் குழாய்களை மாற்றிப் பூட்டிவிடுவது அடிக்கடி நடப்பது. சில ரிங்கிட்டுக் குழாயில் தீர வேண்டிய குறைக்கு ஒரு கருவியே அறுவைக்கு ஆளாகிறது.

ஒலியைப் பிரித்தறிவதற்கும் வழி உண்டு. எஸ்.சி.12 இல் மின்காந்தக் கிளட்ச் ஒன்று உள்ளது. எஞ்சின் ஓடும்வரை புல்லி ஓயாமல் சுழலும். எஞ்சினின் மேல் சுமை ஏறும்போதுதான் கிளட்ச் பற்றிச் சுழலிகள் சுழலும். கிளட்ச் விடுபட்ட நிலையிலும் கரகரப்பு கேட்டால் குற்றம் புல்லியின் பேரிங்கில்; கிளட்ச் பற்றும்போது மட்டும் கேட்டால் குற்றம் உள்ளே. ஈட்டன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கருவிகள் மெர்சிடிஸ் ‘கொம்ப்ரெசர்’ வண்டிகள் சிலவற்றிலும், 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் வண்டியிலும் உள்ளன. அவற்றின் மூக்குப் பகுதியில் அச்சையும் பற்சக்கரத்தையும் இணைக்கும் சிறு இணைப்பி தேய்ந்தால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது தகரப்பெட்டியில் ஆணி குலுங்குவதுபோல் ஒலிக்கும். இதனைக் கேட்டுச் சுழலியே போய்விட்டது என்று முடிவு கட்டியவர் பலர்.

பின்னர் எண்ணெய். இக்கருவியின் பற்சக்கர அறைக்கு எஞ்சின் எண்ணெயோடு தொடர்பில்லை. தனக்கெனச் சிறிதளவு எண்ணெயை வைத்துக்கொண்டு வாழ்வது. ஆகவேதான் அதனை மறந்துவிடுகின்றனர். அறுத்த பாதிகளைச் சாய்த்தும் அடுக்கியும் பெட்டகத்தில் ஏற்றும்போதும், மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் முற்றத்தில் கிடக்கும்போதும் எண்ணெய் ஒழுகியிருக்கலாம். சீல் காய்ந்து வெடித்திருக்கலாம். பேரிங்கில் துரு ஏறியிருக்கலாம். வாங்கியவுடன் இந்த எண்ணெயைப் பார்க்காமல் ஓட்டுவது கருவியைக் கொல்வதற்கு ஒப்பு. எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். வெறும் கருமை முதுமையின் அடையாளம். வெயிலில் மினுக்கும் பொடி இருந்தால், பற்சக்கரமோ பேரிங்கோ உதிர்கிறது என்று பொருள்.

சீல் கெட்டதன் அடையாளம் நீலப்புகை. 4ஏ-ஜிஇசட்இ எஞ்சினில் த்ராட்டில் வாயில் சூப்பர்சார்ஜருக்கு முன்னே இருக்கிறது. ஓட்டுநர் காலை எடுத்தவுடன் வாயில் மூட, கருவியின் உள்ளே வெற்றிடம் உண்டாகி, கெட்ட சீலின் வழியே எண்ணெயை உறிஞ்சிவிடுகிறது. மேட்டிலிருந்து இறங்கும்போது புகை வந்தால் எஞ்சின் வால்வையும் ஐயுறலாம், சீலையும் ஐயுறலாம். இன்டர்கூலர் குழாயைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தால் வழக்கு தீர்ந்துவிடும். உள்ளே எண்ணெய் வழிந்தால் குற்றவாளி பெரும்பாலும் சீல். அந்த எண்ணெய் பெட்ரோலின் தட்டல் தாங்கும் வலிமையையும் குறைக்கிறது. ஆதலின் அதனை வெறும் புகை என்று விட்டுவிடலாகாது.

சந்தை அளத்தல்

கழற்றிய பின் செய்யும் வேலைகளுள் தலையாயது அளத்தல். பெரும்பாலார் விட்டுவிடுவதும் இதுவே. அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஸ்பார்க் பிளக் சந்தைப் பார்க்கும் ஃபீலர் கேஜ் போதும்.

சுழலிகளைக் கையால் திருப்பி, இரண்டும் சாய்ந்து நிற்கும் நிலையில், அதாவது 45 பாகையில், நிறுத்த வேண்டும். அந்நிலையில் ஒன்றின் விலாவுக்கும் மற்றதன் விலாவுக்கும் இடையிலுள்ள சந்தைத் தகடு நுழைத்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் சாயும் நிலைக்குத் திருப்பி மீண்டும் அளக்க வேண்டும். இவ்வாறு ஒரு முழுச் சுற்றுக்கும், முன்முனை, நடு, பின்முனை ஆகிய மூன்று இடங்களிலும் அளந்தால், எண்கள் தாமே நோயைச் சொல்லும்.

எடுத்துக்காட்டாக, ஒரு சாய்வில் 0.10 மில்லிமீட்டரும் மறு சாய்வில் 0.30 மில்லிமீட்டரும் இருப்பதாகக் கொள்வோம். கூட்டினால் 0.40. புதுக்கருவியில் இரு பக்கமும் 0.20 இருந்திருப்பின் அதன் கூட்டுத்தொகையும் 0.40 தான். ஆகவே சுழலி தேயவில்லை; பற்சக்கரம் அச்சின்மேல் சற்றே நகர்ந்து, ஒரு சுழலி தன் தோழனைவிட ஓரிழை முந்திவிட்டது. பற்சக்கரத்தைச் சரியான இடத்தில் மீண்டும் பொருத்தினால் 0.20, 0.20 என்று திரும்பிவிடும். இதற்கு மாறாக, இரு பக்கமும் 0.35 என்று வந்தால் கூட்டுத்தொகை 0.70 ஆகிவிட்டது. பற்சக்கரத்தை எப்படித் திருப்பினாலும் இத்தொகை குறையாது. இங்கே பூச்சோ உலோகமோ போய்விட்டது. முன்முனையில் ஓரளவும் பின்முனையில் வேறளவும் வந்தால் அச்சு சாய்ந்திருக்கிறது; பேரிங்கை நோக்க வேண்டும். ஒரே கூட்டல் கணக்கு, செப்பனிடத் தக்கதையும் கழிக்கத் தக்கதையும் பிரித்துவிடுகிறது.

தமிழாசிரியர்க்கு இங்கே ஓர் இடைக்குறிப்பு. தசமப் பின்னம் படிக்கும் மாணவருள் பலர் 0.15 என்பது 0.2 ஐவிடப் பெரியது என்று சொல்லுவர். பதினைந்து இரண்டைவிடப் பெரியதன்றோ என்பது அவர்தம் வாதம். வகுப்பில் அதற்கு ஒரு சிவப்புக் கோடு விழும், அவ்வளவே. அதே மாணவன் பட்டறைக்குச் சென்று, தகட்டில் பொறித்திருக்கும் எண்ணை அவ்வாறே படித்தால் அவன் முதலாளியின் எஞ்சின் உடையும். போதாக்குறைக்குப் பழைய தகடுகளில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக அளவு பொறித்திருக்கும். நான்கு ஆயிரத்து அங்குலம் ஏறத்தாழ 0.10 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுசென்று, 0.15 தகட்டையும் 0.20 தகட்டையும் விரலிடையே தடவச் செய்தால், கரும்பலகை பல நாள் சொல்லியும் ஏறாதது ஒரு நொடியில் ஏறும்.

செப்பனிடும் முறை

பிரிக்குமுன் இரு பற்சக்கரங்களின் பொருந்தும் பற்களிலும் குறியிட வேண்டும். பற்சக்கரம் பல கருவிகளில் ஆப்பு இன்றி அச்சில் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. சுத்தியலால் தட்டி எடுத்தால் அச்சு வளைந்துவிடும். இழுவைக் கருவியே தக்கது. வெளிக்கூட்டைச் சீராகச் சூடேற்றினால் பேரிங் எளிதில் கழன்று வரும். புது பேரிங் வாங்கும்போது உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகியவை ஒத்திருந்தால் போதும் என்று எண்ணுதல் கூடாது. வேகமும் வெப்பமும் தாங்கும் தரம் பேரிங்கின் எண்ணுக்குப் பின்வரும் எழுத்துகளில் அடங்கியிருக்கிறது. அவ்வெழுத்துகளையும் பார்த்து வாங்க வேண்டும். சீலும் அவ்வாறே, சாதாரண ரப்பர்ச் சீல் அவ்வெப்பத்தில் நெடுநாள் நில்லாது.

பூச்சு தேய்ந்திருந்தால் மறுபூச்சு பூசலாம். ஆனால் கடையில் விற்கும் சாயத்தைத் தெளித்துப் பூசுவது விளையாட்டு. சில நாளில் உரிந்து எஞ்சினுக்குள் போகும். இதற்கென உள்ள பிசின் பூச்சை, சுழலியை நன்கு துடைத்து, சூளையில் வேகவைத்துப் பூசும் தொழிலகங்களிடம் கொடுப்பதே நன்று. வெளிக்கூட்டின் உட்சுவரில் நகம் சிக்கும்படியான கீறல் விழுந்திருந்தால், அதனை நிரப்பிக் கடைவதற்கு ஆகும் செலவைவிட வேறொரு கருவி வாங்குவது மலிவு. இதனை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடும் பட்டறைக்காரர் நல்லவர்.

பூஸ்ட் ஆசையால் சந்தைக் குறித்த அளவினும் குறைத்து வைப்பாரும் உளர். அலுமினியம் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் 0.0023 மில்லிமீட்டர் நீளும். வெளிக்கூடும் அலுமினியமே ஆதலால் இரண்டும் சேர்ந்து நீளும்போது தீங்கில்லை. ஆனால் வெளிக்கூட்டின்மேல் காற்று வீசிக் குளிர்விக்கிறது. உள்ளே உள்ள சுழலிக்கு அந்த வசதி இல்லை. சுழலி 40 பாகை மிகுதியாகச் சூடேறினால் 0.09 மில்லிமீட்டர் மிகுதியாகப் பருக்கும். குளிர்ந்திருக்கும்போது 0.08 என்று வைத்த சந்து அப்போது எங்கே போகும்? கானர்ஸ்வில்லின் மரச்சுழலிகள் நீரில் பருத்தன; இவை வெப்பத்தில் பருக்கின்றன.

மற்றொன்றும் மறக்கலாகாது. முதலில் தேய்வு எதனால் வந்தது என்பதைக் கண்டு நீக்காமல் கருவியை மீண்டும் பூட்டினால், செய்த வேலை அத்தனையும் வீண். காற்றுவடிகட்டி இல்லாமலோ, சூடான எஞ்சின் அறையில் கிழிந்த வடிகட்டியுடனோ ஓடிய வண்டிகள் இவ்வட்டாரத்தில் குறைவில்லை. செம்மண் பாதையின் தூசி சுழலிகளுக்கிடையே புகுந்து மணற்காகிதம்போல் வேலை செய்யும். சிறிய புல்லி பூட்டியிருந்தால் அதனைக் கழற்றி உரிய அளவுப் புல்லியைப் பூட்ட வேண்டும். எஞ்சினையே மாற்றிய வண்டியாயின் சாலைப் போக்குவரத்துத் துறையாகிய ஜே.பி.ஜே.யின் ஒப்புதலும் பதிவும் உள்ளனவா என்று பார்த்துக்கொள்வதும் பட்டறைக்கு நல்லது.

பூட்டி முடித்தபின், பெல்ட் மாட்டாமல் புல்லியைக் கையால் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கும் உரசலோ இறுக்கமோ தட்டக் கூடாது. கிளட்ச் உள்ள கருவியாயின் கிளட்ச்சைப் பற்றவைத்துச் சுற்றினால்தான் சுழலிகள் நகரும். இன்றேல் வெறும் புல்லியைச் சுற்றி மகிழ்ந்திருக்க நேரும். கருவிக்கென விற்கும் எண்ணெயை அளவுக்குறி வரை மட்டும் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் அறையில் அழுத்தம் ஏறிப் புதுச் சீலையும் கசியச் செய்யும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழு வேகம் தவிர்த்து ஓட்டி, அவ்வெண்ணெயை வடித்து, மறுபடியும் வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். மினுக்கும் பொடி இல்லையானால் புதிய எண்ணெயை ஊற்றி, அளந்த சந்துகளின் எண்களை ஓர் அட்டையில் எழுதி வண்டிக்காரரிடம் கொடுத்துவிடலாம். அடுத்த முறை கருவியைத் திறப்பவர் வேறு பட்டறையினராக இருந்தாலும் அந்த எண்கள் அவருக்குப் பயன்படும்.